வழங்கியும் தரவுத்தளமும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எமக்குக் கணினித் தொழில் எதற்கு என்று இம்மலரைப் புரட்டும் அன்பர் வினவுதல் கூடும். அவ்வினாவிற்கு விடை ஒரு பழைய கணக்கேட்டில் இருக்கின்றது. சிற்றூர்த் திருச்சபை ஒன்றிற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற வரவுசெலவு ஏடு எம் கல்லூரி நூல்நிலையத்தில் துணியிற் சுற்றப்பட்டுக் கிடந்தது. காணிக்கையாக வந்த நெல் இத்தனை மரக்கால், விளக்கெண்ணெய் இத்தனை படி, கூரை வேய்ந்த கூலி இத்தனை பணம் என்று கோயிற்பிள்ளை ஒருவர் நாள்தோறும் எழுதிவைத்த அவ்வேட்டில், அகராதிகளிலே தேடியும் அகப்படாத வழக்குச்சொற்கள் பல இருந்தன. தாளோ தொட்டால் உதிரும் நிலையினது. ஆதலின், எம் ஆசிரியர் பணித்தவாறு மாணாக்கர் அறுவர் கூடி அதனை வரிவரியாகப் படியெடுத்து, எவரும் எவ்விடத்திருந்தும் ஒரு சொல்லைத் தேடி அது வரும் பக்கத்தையும் வரியையும் அறியுமாறு சொல்லடைவு ஒன்றனை அமைக்கப் புகுந்தோம்.

ஏட்டைப் படித்தல் அரிது, ஏனையவெல்லாம் எளிது என்றே தொடக்கத்தில் எண்ணினோம். கையெழுத்துக் கண்ணிற்குப் பழகியபின் ஏடு எளிதாயிற்று. எம்மைப் பல மாதம் அலைத்தது வேறொன்று. பக்கங்களை இணையத்தில் வழங்கும் மென்பொருளையும், சொற்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளையும் ஒன்றோடொன்று இணைத்தலே அது. இணைத்தல் என்பது ஒருமுறை செய்து முடித்தபின் மறந்துவிடத்தக்க செயல் என்று பலரும் கருதுவர். யாமும் அவ்வாறே கருதினோம். அஃது அவ்வாறன்று என்பதனை யாம் கற்ற வகையை ஈண்டு எழுதுகின்றோம்.

யாம் எடுத்துக்கொண்டவை டாம்கேட் என்னும் வழங்கியும் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளமும் ஆம். சர்வர் என்று எல்லாரும் கூறுவதனையே வழங்கி என்கின்றோம். டாம்கேட், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் என்பவர் எழுதத் தொடங்கியது. 1999-ஆம் ஆண்டில் அப்பாச்சி மென்பொருள் அறநிலையத்திற்கு வழங்கப்பட்டது. தன்னைத் தானே காத்துக்கொள்ள வல்ல விலங்கொன்றன் பெயர் வேண்டுமென்று கருதி ஆண்பூனையின் பெயரை அவர் அதற்கு இட்டார். மைஎஸ்கியூஎல் 1995-ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்றிற் பிறந்தது. அதனை ஆக்கியோருள் தலைவரான மைக்கேல் வைடெனியஸ் தம் மகளின் பெயராகிய 'மை' என்பதனை அதன் முன்னே சேர்த்தார். அதனை எழுதுமை என்று கொண்டு மகிழ்ந்திருந்த எம் தோழர் ஒருவர் இச்செய்தி கேட்டுச் சிறிது வருந்தினார்.

இரண்டும் மூலநிரல் திறந்து வைக்கப்பட்டவை. திறந்த மூலநிரல் என்பதன் பொருள் விலையின்மை மட்டுமன்று. மைஎஸ்கியூஎல் 2008-ஆம் ஆண்டிற் சன் நிறுவனத்தின் கைக்கும், 2010-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தோடு ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்கும் மாறியது. இம்மாற்றத்தால் ஐயுற்ற வைடெனியஸ் அதே நிரலை எடுத்துக்கொண்டு 2009-ஆம் ஆண்டிலேயே மரியாடிபி என்னும் வேறொரு தரவுத்தளத்தைத் தொடங்கினார். இதற்கு இளைய மகளின் பெயர். உரிமை கைமாறினும் நிரல் எவர் கைக்கும் அடங்காது நின்றமையாலன்றோ இது கூடிற்று? ஏழை மாணவர் தம் உழைப்பை ஒப்படைக்கத் தக்க இடம் இது என்று யாம் தெளிந்தமைக்கு இவ்வரலாறும் ஒரு காரணம்.

இனி, இவை இரண்டாக இருப்பானேன் எனின், இரண்டன் தொழிலும் வேறு. டாம்கேட், தேடுவாரது உலாவியிலிருந்து வரும் வேண்டுகோளைக் கேட்டு, அதற்குரிய ஜாவா நிரலை இயக்கி, விடைப்பக்கத்தை அனுப்பும். நிறுத்தித் தொடங்கினால் நிரல் நினைவிற் கொண்டிருந்தனவெல்லாம் அழியும். மைஎஸ்கியூஎல்லோ பக்கம் ஒன்றும் வரையாது. தன்னிடம் தந்ததனை வட்டில் எழுதி, அட்டவணைப்படுத்தி, பலர் ஒரே காலத்திற் கேட்பினும் குழப்பமின்றி எடுத்துத் தரும். ஒன்று வாயிற்காவலும் உபசாரமும் செய்வது, மற்றொன்று பண்டகசாலை.

இவை பேசும் மொழியும் வேறு. ஜாவாவில் எழுதிய நிரலுக்கு மைஎஸ்கியூஎல்லின் தனிப்பட்ட உரையாடல் முறை தெரியாது. இடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். அவரையே டிரைவர் என்பர். ஜாவாவிற்கும் எல்லாத் தரவுத்தளங்கட்கும் பொதுவாக ஜேடிபிசி என்னும் ஒப்பந்தத்தைச் சன் நிறுவனம் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்டது. நிரல் எழுதுவோர் அவ்வொப்பந்தத்தின்படி வினவினாற் போதும். ஒவ்வொரு தரவுத்தளத்திற்கும் உரிய டிரைவர் அதனைத் தன் தளத்தின் மொழியில் மாற்றிக்கொள்ளும். அந்த டிரைவரை எம் நிரலின் கோப்பறையில் வைத்துவிட்டு, அது கிடைக்கவில்லை என்று டாம்கேட் முறையிட்டபோது இரண்டு நாள் திகைத்தோம். இணைப்புகளை உண்டாக்குவது எம் நிரலன்று, டாம்கேட்டே. ஆகையால் டாம்கேட்டின் பொது நூலகக் கோப்பறையிலன்றோ அதனை வைத்தல் வேண்டும்? இடம் மாற்றியதும் முறையீடு நின்றது.

அடுத்தது முகவரி. ஜேடிபிசி என்னும் சொல், மைஎஸ்கியூஎல் என்னும் சொல், தரவுத்தளம் இருக்கும் கணினியின் முகவரி, வாயில் எண், தளத்தின் பெயர் என்பன ஒரே வரியில் முறையே நிற்கும். மைஎஸ்கியூஎல் வழக்கமாகக் காத்திருக்கும் வாயில் 3306. டாம்கேட் காத்திருப்பது 8080. இம்முகவரியையும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நிரலினுள் எழுதாது டாம்கேட்டின் அமைப்புக் கோப்பில் ஒரு பெயரின் கீழ் எழுதிவைத்தால், நிரல் அப்பெயரைச் சொல்லி இணைப்பைக் கேட்கும். தரவுத்தளத்தை வேறு கணினிக்கு மாற்றியபோது எம் நிரலில் ஓரெழுத்தும் மாற்றவேண்டாது போயிற்று. அமைப்புக் கோப்பில் ஒரு வரியே மாறியது. ஆனால் மாற்றிய அன்றே அனுமதி மறுக்கப்பட்டது. மைஎஸ்கியூஎல் பெயரை மட்டும் நோக்குவதன்று. எக்கணினியிலிருந்து வருகின்றார் என்பதனையும் சேர்த்தே ஒருவரை அடையாளங் காணும். பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றேயாயினும், உடனிருக்கும் கணினியிலிருந்து வருவார் ஒருவர். அடுத்த கணினியிலிருந்து வருவார் மற்றொருவர். இரண்டாமவர்க்குத் தனியே உரிமை வழங்கினோம்.

இவ்வளவில் இணைப்புக் கிடைத்தது. பதிவுப் பக்கம் ஒன்றை அமைத்தோம். ஒருவர் ஏட்டைப் பார்த்து வாசிக்க, மற்றொருவர் தட்டெழுத, ஒவ்வொரு வரிக்கும் 'சேர்க்கப்பட்டது' என்னும் மறுமொழி தவறாது வந்தது. பதினைந்து நாளில் 18 பக்கங்கள் முடிந்தன. பதினாறாம் நாள் தேடற்பக்கம் அமைப்பதற்காகச் சேமித்ததனை எடுத்துப் பார்த்தோம். தமிழ் ஓரெழுத்தும் இல்லை. எண்கள் இருந்தன, இடைவெளிகள் இருந்தன, எழுத்துகள் இருக்கவேண்டிய இடமெல்லாம் வினாக்குறிகள். 'தமிழ்' என்று எழுதியவிடத்தில் ஐந்து வினாக்குறிகள் நின்றன.

மூன்றெழுத்துச் சொல்லிற்கு ஐந்து வினாக்குறி எவ்வாறு வந்தன என்பதே எமக்கு வழிகாட்டிய முதற்செய்தி. கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். யூனிகோடு என்னும் உலகப் பொதுமுறையில் 'க' என்பதற்கு 2965 என்பது எண். நம் இலக்கணம் 'மி' என்பதனை ஓர் உயிர்மெய்யாகக் கொள்ள, யூனிகோடோ மகரத்தையும் மேல்விலங்கையும் இரண்டு குறிகளாக எண்ணும். 'ழ்' என்பதனையும் ழகரமும் புள்ளியுமாகப் பிரிக்கும். எனவே தமிழ் என்னும் சொல் இலக்கணத்தார்க்கு மூன்றெழுத்து, யூனிகோடிற்கு ஐந்து குறி. அவ்வெண்களைக் கணினியிற் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்னும் முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் கொள்ளும். ஆகப் பதினைந்து பைட். எழுத்தெண்ணிப் பயிலும் எம்போல்வார்க்கு இக்கணக்கு உவப்பாகவே இருந்தது. ஆனால் உவக்கும் நேரம் அதுவன்று.

எங்கே மாறிற்று? அட்டவணையை யூடிஎஃப்-8 முறையிலேயே அமைத்திருந்தோம். உலாவியிலிருந்து டாம்கேட் வரையிலும் எழுத்துகள் நல்லனவாகவே வந்தன. இடையில் நின்ற இணைப்பே கெடுத்தது. யாம் பயன்படுத்திய கணினியில் இருந்தது மைஎஸ்கியூஎல்லின் 5.7 ஆம் பதிப்பு. அது வேறு கட்டளை பெறாதவிடத்து லத்தீன் எழுத்துமுறையையே தனக்கு இயல்பாகக் கொண்டிருந்தது. யாம் வைத்த பழைய டிரைவர் இணைப்பைத் தொடங்கும்போதே 'உம் எழுத்துமுறை யாது?' என்று தரவுத்தளத்தைக் கேட்டறிந்து, லத்தீன் என்னும் விடை பெற்று, வந்த சொற்களையெல்லாம் லத்தீனாக மாற்ற முயன்றது. லத்தீன் முறையில் ழகரத்திற்கு இடமேது? இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு வினாக்குறியை வைத்து அனுப்பிற்று. வினாக்குறி எம்முறையிலும் உள்ள குறியாதலின் தரவுத்தளம் ஐயுறாது அதனைப் பெற்றுக்கொண்டது. வினாக்குறியாய் மாறியபின் அது தகரமா மகரமா என்று எவராலும் கூறவியலாது. மாற்றம் நிகழ்ந்த அக்கணமே சொல் அழிந்தது.

படம் பிடித்து வைத்திருக்கலாமே என்று கேட்பார்க்கு யாம் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. முழுதும் முடிந்தபின் படம் பிடிப்போம் என்று தள்ளிவைத்தோம். அது எம் தவறு. அப்பதினெட்டுப் பக்கங்களையும் மறுபடி பிரித்தோம். இரண்டு தாள்களின் ஓரம் முதன்முறை பிரித்தபோதே விண்டிருந்தது போலும். இம்முறை துகளாகி மேசைமேல் வீழ்ந்தது. படியெடுத்தவர் நினைவிலிருந்து சில சொற்களை மீட்டார். சிலவற்றை மீட்க இயலவில்லை. முதலில் எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்துவிட்டே மீண்டும் தட்டெழுத்திற்கு அமர்ந்தோம்.

இக்கேட்டிற்கு மருந்து முகவரி வரியின் இறுதியில், எழுத்துமுறை யூடிஎஃப்-8 என்று ஒரு தொடரைச் சேர்த்தல், அவ்வளவே. 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 8.0 ஆம் பதிப்பு முதல் தரவுத்தளத்தின் இயல்பே யூனிகோடாக மாற்றப்பட்டமையால் புதிதாகத் தொடங்குவார்க்கு இவ்விடர் அரிது. எனினும் பழைய கணினியும் பழைய அமைப்பும் உள்ள இடங்களில் இன்றும் இது பதுங்கியிருக்கக்கூடும். தமிழிற் பதிவு செய்யப் புகுவார் முதற்சொல்லை எழுதியவுடனே அதனைத் தரவுத்தளத்திலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டாஞ் சொல்லைத் தொடுதல் நன்று.

இத்தொடரைச் சேர்த்தபின் தமிழ் தமிழாகவே சென்று தமிழாகவே திரும்பியது. ஏட்டில் வந்த நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு, மேற்படி முதலிய பழைய சுருக்கக் குறிகளும் பிழையின்றி அமைந்தன. அவை 2003-ஆம் ஆண்டிலேயே யூனிகோடில் தமிழுக்குரிய பகுதியிற் சேர்ந்தவை. பின்னக் குறிகளை எழுதப் புகுந்தபோது மறுபடியும் தடை. நெல்லளவில் வந்த முந்திரிக் குறியை இட்டதும், இச்சரம் தகாதது என்று ஒரு பிழைச்செய்தியைத் தந்து மைஎஸ்கியூஎல் அவ்வரியையே ஏற்க மறுத்தது. முந்திரியாவது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. காணி எண்பதில் ஒன்று, மா இருபதில் ஒன்று என்று நம் முன்னோர் கணக்கில் வழங்கிய இப்பின்னங்களின் குறிகள் 2019-ஆம் ஆண்டு யூனிகோடு 12.0 ஆம் பதிப்பிலேதான் சேர்க்கப்பட்டன. தமிழ்ப் பகுதியில் இடம் போதாமையால், தமிழ்த் துணைப்பகுதி என்று வேறோர் இடம் வகுத்து, அளவைக் குறி முதலியன கூட 51 குறிகளை அங்கே வைத்தனர். முந்திரிக் குறியின் எண் 73,664. யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுக்குள் அடங்குவன 65,535 வரையுள்ள எண்களே. அதற்கு மேற்பட்டவற்றிற்கு நான்கு பைட் வேண்டும்.

மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்-8 என்ற பெயரால் நெடுங்காலம் வழங்கி வந்தது மூன்று பைட்டோடு நின்றுவிடும் குறைமுறை. முழுமுறை 2010-ஆம் ஆண்டில் 'யூடிஎஃப்-8 எம்பி-4' என்னும் வேறு பெயரோடு சேர்க்கப்பட்டது. யாம் பெயரை நம்பிக் குறைமுறையில் அட்டவணையை அமைத்திருந்தோம். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள இம்மாறுபாடு பயில்வோரை மயக்குவது என்பது எம் கருத்து. ஆயினும் இம்முறை தரவுத்தளத்தின்மேல் எமக்குச் சினம் எழவில்லை. முன்னது சொல்லை அழித்துவிட்டுச் 'சேர்க்கப்பட்டது' என்றது; இதுவோ ஏற்கமாட்டேன் என்று வெளிப்படக் கூறிற்று. அட்டவணையையும் தரவுத்தளத்தின் இயல்பையும் இணைப்பையும் முழுமுறைக்கு மாற்றினோம். முந்திரியும் காணியும் ஏறின.

நிற்க. எழுத்து நேர்ப்பட்டபின் தேடற்பக்கம் அமைந்தது. துறைத்தோழர் எல்லாரையும் அழைத்துக் காட்டிய அன்று அரை மணி நேரம் நன்றாக இயங்கிப் பின் அசைவற்று நின்றது. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை, உலாவி சுழன்றுகொண்டேயிருந்தது. டாம்கேட்டை நிறுத்தித் தொடங்கினால் மறுபடியும் சிறிது நேரம் ஓடும், மறுபடியும் நிற்கும். இதன் காரணத்தை அறிய, இணைப்பு என்பது எத்துணை விலையுடைய பொருள் என்பதனை அறிதல் வேண்டும்.

ஓர் இணைப்பை உண்டாக்குதற்கு முதலில் இரு கணினிகளும் மும்முறை செய்தி பரிமாறி வழியைத் திறக்கும். பின் தரவுத்தளம் தன் பதிப்பையும், அப்பொழுதே உண்டாக்கிய ஒரு புதுக்குறியையும் அனுப்பும். டிரைவர் கடவுச்சொல்லை அப்படியே அனுப்பாது அக்குறியோடு கலந்து உருமாற்றி அனுப்பும். தரவுத்தளம் அதனைச் சரிபார்த்து, உரிமைகளை நோக்கி, இவ்விணைப்பிற்கென்றே ஒரு தனியிழையை ஒதுக்கும். பின் எழுத்துமுறை முதலியவற்றில் உடன்பாடு. இவ்வளவும் முடிந்தபின்னரே 'இச்சொல் எப்பக்கத்தில் உள்ளது' என்னும் சிறுவினாவைக் கேட்கலாம். ஒவ்வொரு தேடலுக்கும் இவ்வாறு புதிதாகத் தொடங்கி முடித்தல், விருந்தினர் ஒவ்வொருவர்க்கும் புதிதாக அடுப்பு மூட்டிச் சமைத்துப் பின் அடுப்பை இடித்துவிடுவது போலாம். மேலும் மைஎஸ்கியூஎல் ஒரே காலத்தில் ஏற்கும் இணைப்புகளுக்கு எல்லையுண்டு; வேறு கட்டளையில்லாவிடின் அது 151.

ஆகவே டாம்கேட் சில இணைப்புகளைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, கேட்கும் நிரலுக்குக் கடனாகக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறும். இத்தொகுதியைக் கனெக்ஷன் பூல் என்பர். எம் விடுதிக் கிணற்றடியில் எட்டு வாளிகள் உள. நீர் மொண்டவர் வாளியை அங்கேயே வைத்துச் சென்றால் எட்டு வாளியாலேயே விடுதி முழுதும் குளித்துவிடும். அறைக்கு எடுத்துச் செல்வார் எண்மர் இருப்பின் ஒன்பதாமவர் துண்டோடு நிற்கவேண்டியதே. எமக்கு நேர்ந்தது இதுவே. டாம்கேட் ஒரே காலத்தில் 200 வேண்டுகோள்களைக் கவனிக்கும் இயல்புடையது. தொகுதியிலுள்ள இணைப்புகளின் எல்லையோ, யாம் வேறு சொல்லாவிடின், எட்டே.

'வேறு சொல்லாவிடின்' என்றோம். யாம் சொல்லியிருந்தோம், இருபது என்று. ஆனால் யாம் பார்த்தெழுதிய குறிப்புப் பழையது. அதில் இவ்வெல்லையின் பெயர் 'மேக்ஸ் ஆக்டிவ்' என்றிருந்தது. டாம்கேட் 8 ஆம் பதிப்பு முதல் அதனுள் அமைந்த தொகுதி மென்பொருளில் அப்பெயர் 'மேக்ஸ் டோட்டல்' என்று மாற்றப்பட்டுவிட்டது. பழைய பெயரால் எழுதிய கட்டளையைப் பொருட்படுத்தாது, பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை வரியை எழுதிவிட்டு, எட்டிலேயே நின்றது. அவ்வெச்சரிக்கையை யாம் படிக்கவில்லை. ஒருவர் எத்துணை நேரம் காத்திருக்கலாம் என்னும் கட்டளையின் பெயரும் அவ்வாறே மாறியிருந்தமையால், ஒன்பதாமவர் முடிவின்றிக் காத்திருந்தார். உலாவி சுழன்றதன் காரணம் அதுவே.

எட்டு இணைப்பையும் யார் எடுத்துச் சென்றனர்? மைஎஸ்கியூஎல்லிடம், உன்னோடு இப்பொழுது தொடர்புடையார் யாவர் என்று கேட்டுப் பட்டியல் பெறலாம். பெற்றோம். எட்டு வரிகள், எட்டிற்கும் நேரே 'ஸ்லீப்', அஃதாவது உறக்கம், என்றிருந்தது. ஒருவரும் வேலை செய்யவில்லை. ஒருவரும் திருப்பித் தரவும் இல்லை. நிரலை வரிவரியாகப் படித்தபோது குற்றம் புலப்பட்டது. தேடிய சொல் கிடைத்தால் விடையைக் காட்டி இணைப்பைத் திருப்பித் தந்தது நிரல். கிடைக்காவிடின், 'இச்சொல் ஏட்டில் இல்லை' என்று அறிவித்துவிட்டு அவ்விடத்தினின்றே வெளியேறிற்று. திருப்பித் தரும் வரியை அது எட்டவேயில்லை. யாம் சோதித்தபோதெல்லாம் ஏட்டில் உள்ள சொற்களையே தேடினோம். தோழர்களோ தத்தம் பெயரையும், ஊரையும், விடுதிச் சமையற்காரர் பெயரையும் தேடினார்கள். இல்லாத சொல்லை எட்டுமுறை தேடிய அளவில் எல்லாம் நின்றது. அன்று எமக்குப் பெரிதும் நாணம். பின்னர் நினைக்குந்தோறும் நகைப்பு.

இதற்கு ஜாவா மொழியிலேயே நல்ல வழி இருக்கின்றது. 2011-ஆம் ஆண்டில் வந்த ஏழாம் பதிப்பு முதல், இணைப்பைக் கடன்வாங்கும் வரியையே ஒரு கட்டுக்குள் அமைத்துவிட்டால், அக்கட்டிலிருந்து நிரல் எவ்வழியே வெளியேறினும், விடை கண்டோ, காணாதோ, இடையிற் பிழை நேர்ந்தோ, இணைப்பு மூடப்படும். மூடுதல் என்று பெயரேயன்றித் தொகுதியிலிருந்து பெற்ற இணைப்பு உண்மையில் அறுபடுவதில்லை, குளத்திற்கே மீளும். எல்லாவிடத்தும் இம்முறையிலேயே மாற்றினோம். தொகுதியின் எல்லையைப் புதிய பெயரால் இருபதாக்கினோம். பத்து விநாடிக்கு மேற் காத்திருப்பார்க்குப் பிழைச்செய்தி தருமாறும் செய்தோம். திருப்பித் தராத இணைப்பை 300 விநாடிக்குப் பின் மீட்டுக்கொண்டு, அதனைக் கடன்வாங்கிய நிரல்வரி எது என்று பதிவேட்டில் எழுதும் வசதியும் உண்டு. சோதனைக் காலத்தில் அதனைத் திறந்து வைத்தோம். அதனையே மருந்தாகக் கொண்டு நிரலைத் திருத்தாது விடுதல் கூடாது என்பது எம் துணிபு.

இன்னும் ஓரிடர் உண்டு. அதனைச் சுருங்கச் சொல்வோம். மைஎஸ்கியூஎல் 28,800 விநாடி, அஃதாவது எட்டு மணி நேரம், பேச்சின்றிக் கிடக்கும் இணைப்பைத் தானே அறுத்துவிடும். விடுமுறை இரவில் ஒருவரும் தேடாவிடின், விடிந்ததும் டாம்கேட்டின் தொகுதியில் இருப்பன எல்லாம் மறுமுனை அறுந்த கயிறுகள். முதலில் வருபவர் பிழைச்செய்தி பெறுவார். கடன் கொடுக்குமுன் ஒவ்வோர் இணைப்பையும் ஒரு சிறுவினாவாற் சோதித்து, அறுந்ததனைக் களைந்து புதியதனைத் தருமாறு தொகுதிக்குக் கட்டளையிட்டால் இக்குறை இல்லை.

தேடற்பக்கத்திற்கும் பதிவுப் பக்கத்திற்கும் வெவ்வேறு பயனர் பெயர் வைத்தோம். முன்னதற்குப் படிக்கும் உரிமையன்றி எழுதும் உரிமையும் அழிக்கும் உரிமையும் இல்லை. தேடுவார் தட்டெழுதிய சொல்லை வினாவோடு ஒட்டாது, வினாவை முன்னரே அமைத்து, சொல்லை அதற்குரிய இடத்தில் தனியே கொடுக்கும் முறையையே கையாண்டோம். ஒட்டி எழுதினால், தேடும் பெட்டியில் ஒரு மேற்கோள்குறியை இட்டு அட்டவணையையே சிதைக்க வல்ல கயவர் உளர். கடவுச்சொல் உள்ள கோப்பைப் பிறர் படிக்காதவாறும் அடைத்தோம்.

இதனை எழுதும் இப்பொழுது அவ்வடைவு எம் துறைக் கணினியில் இயங்குகின்றது. முந்திரி என்று தேடுவார்க்கு நெற்கணக்கின் வரிகள் வரும். இல்லாத சொல்லை எத்துணைமுறை தேடினும் நிற்பதில்லை. ஓரம் நொறுங்கிய இரண்டு தாள்களிலும் மீட்க முடியாது போன சொற்கள் ஒன்பது. அவ்வொன்பது இடத்திலும் வினாக்குறி இடாது, 'சிதைவு' என்று தமிழில் எழுதி வைத்திருக்கின்றோம்.